ஆற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு நாடு

"எத்தனை நாளுடி பஸ்ஸுக்குள்ளயே உக்காந்திருக்கப் போறோம்?"

அம்மா இதைக் கேட்டபோது திட்டம் முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 24 நாள், நான்கு நாடு, 13 ஊர். பாங்காக்கில் இறங்கி, லாவோஸ் போய், அங்கிருந்து வியட்நாமின் ஹனோய், ஹுவே, சைகோன், அப்புறம் கம்போடியா, மறுபடி பாங்காக். மூன்று வாரமாக இரவில் உட்கார்ந்து போட்ட அட்டவணை. தங்குமிடம் ஒரு நிறம், பயணம் ஒரு நிறம், சாப்பாடு ஒரு நிறம் என்று அழகாகப் பிரித்து வைத்திருந்தேன். கணக்கு எழுதுவதுதான் என் வேலை. எண்கள் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்லப் பயண நிறத்தை மட்டும் எண்ணினேன். 11 நாள். 24இல் 11 நாள் ஏதாவது ஒரு வண்டியில். அதில் நான்கு இரவு படுக்கைப் பேருந்து. அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் தையல் மெஷினை மிதித்த முழங்கால். இதுதான் அவளுடைய முதல் வெளிநாட்டுப் பயணம்.

நான் ஏற்கெனவே ஒருமுறை இப்படிப் போய் வந்தவள். 15 நாளில் மூன்று நாடு. அந்தப் பயணத்தைப் பற்றி இப்போது யோசித்தால் நிலையங்கள்தான் ஞாபகம் வருகின்றன: விடிகாலை நான்கு மணிக்கு இறக்கிவிடப்பட்ட ஒரு பேருந்து நிலையம், பையின் மேல் தலை வைத்துக் கிடந்த ஒரு பெஞ்சு. கையிருப்பில் பாதிக்கு மேல் வண்டிக் கட்டணத்துக்கே போனது. அந்தப் பாடத்தை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. வரைபடத்தைப் பார்த்தால் நாடுகள் அவ்வளவு நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஒன்றைத் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கை துறுதுறுக்கிறது.

அட்டவணையை மூடிவிட்டுக் காகித வரைபடத்தை மேசையில் விரித்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். நீலக் கோடு ஒன்றைத் தொட்டு, "இது என்ன ஆறு? எல்லா ஊர் வழியாவும் போகுது?" என்றாள்.

மீகாங்.

"அப்ப இதையே பிடிச்சுக்கிட்டுப் போயிடலாமே."

அவள் சும்மாதான் சொன்னாள். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சீனாவில் பிறந்து சுமார் 4,350 கிலோமீட்டர் ஓடும் ஆறு அது. வடக்கில் தாய்லாந்துக்கும் லாவோசுக்கும் நடுவே எல்லைக்கோடாக வருகிறது. லாவோசுக்குள் நுழைந்து, மீண்டும் எல்லைக்குத் திரும்பி, தெற்கே கம்போடியாவுக்குள் இறங்கி, வியட்நாமில் கடலைச் சேர்கிறது. நான் போக நினைத்த நான்கு நாடும் அதன் கரையில்தான் இருக்கின்றன. என் பழைய திட்டம் இந்த ஆற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஐந்து முறை தாண்டியது. அதைவிட, ஆறு போகிற போக்கிலேயே போனால் எந்த இடத்திலும் திரும்பி வர வேண்டியதில்லை.

அதற்கு விலையாக ஹனோய் போனது. ஹுவேயும் ஹோய் ஆனும் போயின. வியட்நாமில் எங்களுக்குக் கிடைப்பது தெற்கே டெல்டா மட்டும். ஹோய் ஆனுக்காக ஒரு நாள் முழுக்க வருத்தமாக இருந்தேன். ஆனாலும் இந்தத் திட்டத்தில் நான் செய்த நல்ல காரியம் அதுதான் என்று நம்புகிறேன். செலவைக் குறைக்க மலிவான அறை தேடுகிறோம், ஒரு வேளைச் சாப்பாட்டில் கை வைக்கிறோம். ஓர் ஊரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் மிச்சமாகும் பணம் அதையெல்லாம்விடப் பெரிது. விட்ட ஊர்களோடு இரண்டு உள்நாட்டு விமானங்களும் மூன்று இரவுப் பேருந்துகளும் போய்விட்டன. பயணத்தை 24 நாளிலிருந்து 30 நாளாக நீட்டியும் மொத்தத் தொகை ஏறக்குறைய அங்கேயே நின்றது.

அடுத்து எல்லைகள். வரைபடத்தில் கோடு ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கும். ஆனால் வெளிநாட்டவர் நுழையும் கதவு சில இடங்களில்தான். கதவு இருந்தாலும் அது எப்போதும் திறந்திருக்கும் என்பதில்லை. என் பழைய திட்டம் கம்போடியாவின் பாய்பெட் வழியாகத் தாய்லாந்துக்குத் திரும்புவதாக இருந்தது. பல வருஷமாக முதுகுப்பைப் பயணிகள் எல்லாரும் போன வழி. 2025 ஜூனில் இரு நாடுகளுக்கும் இடையிலான தரைவழிக் கதவுகள் மூடப்பட்டன. ஜூலையில் சண்டையே மூண்டது. அந்த எல்லையோரக் கிராமத்து மக்கள் வீட்டை விட்டு ஓடிய செய்திகளைப் படித்தபோது என் சுற்றுலா வழி ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. எந்தக் கதவை நம்பிப் போகிறோம் என்பதை மட்டும் அன்றிலிருந்து முதலில் எழுத ஆரம்பித்தேன். ஊர்களின் பெயர்கள் அதற்குப் பிறகுதான்.

எங்களுக்கு மூன்று கதவு. தாய்லாந்திலிருந்து லாவோசுக்கு சியாங் கோங்–ஹுவாய் சாய். லாவோசிலிருந்து கம்போடியாவுக்குத் தெற்கு முனையில் திரபெயாங் கிரியெல். கம்போடியாவிலிருந்து வியட்நாமுக்கு ஆற்று வழியாகவே, வின் சுவோங். பாங்காக்கில் இறங்கி, சைகோன் என்கிற ஹோ சி மின் நகரத்திலிருந்து திரும்பும் விமானம். போக ஒரு ஊர், வர ஒரு ஊர் என்று டிக்கெட் எடுத்தால் விலை கூடும் என்று பயந்திருந்தேன். கூடிய தொகை, பாங்காக்குக்குத் திரும்பி வரும் செலவைவிடக் குறைவாகத்தான் இருந்தது.

முதல் கதவில் 2013 டிசம்பரில் நான்காவது நட்புப் பாலம் திறந்தார்கள். அதற்கு முன்பு சின்னப் படகில் ஆற்றைத் தாண்டுவார்களாம். இப்போது பாலத்தின் மேல் நடக்க அனுமதியில்லை, அங்கேயே ஓடும் பேருந்தில் ஏறித்தான் மறுகரை போக வேண்டும். ஹுவாய் சாயிலிருந்து ஆற்றோடு கீழே போகும் மெதுபடகு காலையில் கிளம்புகிறது. அதே நாளில் எல்லை தாண்டி விசா வாங்கிப் படகைப் பிடிப்பதாக நிறையப் பேர் திட்டம் போடுகிறார்கள். நான் முந்தின நாள் மாலையே தாண்டி ஹுவாய் சாயில் ஓர் இரவு தங்குகிறேன். அம்மாவை வரிசையிலும் ஓட்டத்திலும் நிறுத்த வேண்டியதில்லை என்பதற்காக அந்த ஒரு நாள் அறை வாடகையை மனசாரக் கொடுக்கலாம்.

இந்தப் படகுதான் பயணத்தின் நடுநாயகம். ஹுவாய் சாயிலிருந்து லுவாங் பிரபாங் வரை இரண்டு நாள், சுமார் 300 கிலோமீட்டர். நடுவில் பாக்பெங் என்ற கரையோர ஊரில் ஓர் இரவு. நீளமான மரப்படகு. பல படகுகளில் பழைய வேன்களிலிருந்து கழற்றிய இருக்கைகளைப் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் பின்னால் என்பதால் முன்பக்கம் உட்கார்ந்தால் சத்தம் குறைவு. அதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய் இடம் பிடிக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் காலையில் ஆற்றின் மேல் பனிமூட்டம் கிடக்கும், காற்று நன்றாகக் குளிரும். வெப்ப நாடு என்று நினைத்து மெல்லிய சட்டையோடு வந்து நடுங்குபவர்கள் நிறைய. எங்கள் பைகளில் ஆளுக்கு ஒரு கம்பளிச் சட்டை உண்டு. வேக படகும் இருக்கிறது, ஒரே நாளில் கொண்டுபோய் விடும். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே பறக்க வேண்டும். அம்மாவோடு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

லுவாங் பிரபாங்குக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர் மேலே, ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. இன்னும் சில அணைகள் வரிசையில் நிற்கின்றன. ஆறு இப்போது ஓடுகிற மாதிரி இன்னும் பத்து வருஷத்தில் ஓடாது. முழங்கால் சரியானதும் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று அம்மா இழுத்தபோது இதைத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அவள் இழுக்கவில்லை.

லுவாங் பிரபாங்கில் நான்கு இரவு. 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். இரண்டு ஆறுகள் கூடும் முனையில் கோயில்களும் பழைய வீடுகளுமாக நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவு. விடிகாலையில் துறவிகள் வரிசையாகப் பிச்சை ஏற்று வருவதைப் பார்க்க அம்மாவுக்கு ஆசை. தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, சத்தமில்லாமல், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாமல் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கிருந்து வியந்தியானுக்கு முன்பெல்லாம் மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்கப் பேருந்து. 2021 டிசம்பரில் லாவோஸ்–சீனா ரயில் பாதை திறந்ததும் அது இரண்டு மணி நேரமாகிவிட்டது. நிலையங்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன, அதற்கொரு வேன் பிடிக்க வேண்டும். விமான நிலையம் மாதிரியே பைகளைச் சோதிப்பார்கள். கத்தி, ஸ்பிரே டப்பா எதையும் உள்ளே விடுவதில்லை. அம்மா எப்போதும் பையில் வைத்திருக்கும் துணி வெட்டும் கத்தரிக்கோலை வீட்டிலேயே விட்டுவர ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆனது.

வியந்தியானில் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளில் கோப் மையம் என்ற இடத்துக்குப் போகிறோம். 1964 முதல் 1973 வரை லாவோஸ் மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகள் வீசப்பட்டன. அவற்றில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடப்பவை இன்றும் ஆட்களைக் கொல்கின்றன, கை கால்களைப் பறிக்கின்றன. அவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் வேலையைப் பற்றிய காட்சிக்கூடம் அது. கட்டணம் கிடையாது, நன்கொடைப் பெட்டி உண்டு. ஒரு நாட்டில் மலிவாகச் சுற்றப் போகிறோம் என்றால் அந்த நாடு ஏன் இப்படி இருக்கிறது என்பதைப் பார்க்க அரை நாளாவது ஒதுக்க வேண்டும். இது என் பிடிவாதம். லாவோஸ் கிராமப்புறத்தில் தேய்ந்த பாதையை விட்டு விலகி நடக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுதான்.

தெற்கே பாக்சே போகும் இரவுப் பேருந்துதான் நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே இரவுப் பேருந்து. இருவருக்கு ஒரே மெத்தை என்ற அமைப்பு. தனியாகப் போனால் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் படுத்திருப்பார். அம்மாவும் நானும் என்பதால் அந்தக் கவலை இல்லை. கீழ்த்தட்டு மெத்தை கேட்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறேன். பாங்காக்கிலிருந்து சியாங் மாய் போகும் இரவு ரயிலிலும் அப்படித்தான். கீழ்ப்படுக்கை கொஞ்சம் விலை கூடுதல், மேலதைவிட அகலமும் கூடுதல். ஏணியில் ஏறவும் வேண்டாம்.

ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கும் பிறகு குறைந்தது இரண்டு இரவு நகராமல் இருப்பது என்று ஒரு விதி வைத்தோம். பாக்சேயில் இறங்கியதும் சம்பாசக். அங்கே வாட் பூ. மலை அடிவாரத்தில், படிப்படியாக ஏறும் பழைய கெமர் கோயில், முதலில் சிவனுக்காக எழுந்தது. பின்னால் நிற்கும் மலையின் உச்சி லிங்கம் போலத் துருத்திக்கொண்டிருப்பதால் அந்த மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கிருந்து கம்போடியாவின் பழைய தலைநகரான அங்கோருக்கு அந்தக் காலத்தில் ஒரு சாலை போயிருக்கிறது. நாமும் அதே திசையில்தான் போகிறோம் என்று சொன்னதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இந்தப் பயணமே அங்கோருக்காகத்தான். எப்போதோ ஒரு காலண்டரில் வந்த படத்தைக் கிழித்துத் தையல் மெஷின் டிராயரில் பல வருஷம் வைத்திருந்தாள். அகழித் தண்ணீரில் ஐந்து கோபுரமும் தலைகீழாகத் தெரியும் படம்.

அதற்கு முன் டான் கோன் தீவில் மூன்று இரவு, ஒன்றும் செய்யாமல் இருக்க. மீகாங் அங்கே பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து தீவுகளாகப் பிரிந்து, கோன் அருவிகளாக விழுகிறது. கடலிலிருந்து சீனா வரை கப்பல் விடலாம் என்று 1860களில் பிரெஞ்சுக்காரர்கள் கண்ட கனவு இந்த அருவிகளில்தான் உடைந்தது. பிறகு படகுகளையும் சரக்கையும் தீவின் குறுக்கே கடத்த ஒரு குட்டி ரயில் பாதை போட்டார்கள். துருப்பிடித்த எஞ்சின் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. ஆற்றைப் பிடித்துக்கொண்டே படகில் கடல் வரை போய்விடலாம் என்று நானும் இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இந்த அருவிகளைப் பற்றிப் படித்த பிறகுதான் நடுவில் பேருந்தை ஏற்றுக்கொண்டேன்.

விசா விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் போகிறவர்களுக்கு ஒரு பிழை போதும், ஒரு வாரச் செலவு போய்விடும். தாய்லாந்துக்கு விசா வேண்டுமா என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, அடிக்கடி மாறுவது. அதோடு 2025 மே மாதம் முதல் எல்லாருக்கும் மின்னணு வருகை அட்டை கட்டாயம். இறங்குவதற்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை. லாவோசுக்குப் பாலத்திலேயே வருகை விசா வாங்குகிறோம். அதன் இ-விசா சில எல்லைகளில் செல்லாது என்பதால் அந்த வழியே வேண்டாம் என்று விட்டேன். கம்போடியா சுற்றுலா விசா 30 டாலர், அதுவும் எல்லையிலேயே. இரண்டுக்கும் புகைப்படமும், கிழியாத கசங்காத டாலர் நோட்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டுமே பாஸ்போர்ட்டில் ஆளுக்கொரு பக்கத்தை முழுதாக எடுத்துக்கொள்ளும் ஒட்டுத்தாள்கள். என் பாஸ்போர்ட்டில் இரண்டே வெற்றுப் பக்கம் மிச்சமிருந்தது. புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன்.

வியட்நாமுக்கு மட்டும் முன்கூட்டியே இ-விசா. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. மறுத்தாலும் பணம் திரும்பாது. விண்ணப்பத்தில் எந்தக் கதவு வழியாக நுழைவோம் என்று கேட்பார்கள். படகுக்காரர்கள் எல்லாரும் வின் சுவோங் என்று சொல்லும் இடம் பட்டியலில் சோங் தியென் என்று இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆனது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெயர் இன்னொரு சங்கதி. எங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் கட்டம் காலி. முந்தைய பயணத்தில் டிக்கெட் எடுக்கும்போது இனிஷியலை விரித்து அப்பா பெயரை நானாகவே போட்டுவிட்டேன். ஒரு விமான நிறுவனத்தின் கவுண்டரில் முக்கால் மணி நேரம் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி அம்புக்குறிகளோடு அச்சாகியிருக்குமே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும். அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக நான்கு முறை சரிபார்த்தேன்.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். விமானமும் காப்பீடும் தவிர்த்த கணக்கு இது, இருவருக்கும் சேர்த்து. அறை, சாப்பாடு, ஊருக்குள் போக வர எல்லாம் அடக்கி பாங்காக், சியாங் மாயில் ஐந்து நாளுக்கு நாளொன்றுக்கு 50 டாலர், மற்ற 25 நாளுக்கு 45. அது 1,375. விசாக்களுக்கு 200 எடுத்து வைத்திருக்கிறேன். நீண்ட தூர வண்டி, ரயில், படகு எல்லாவற்றுக்கும் 400. அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37, மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72 டாலர். மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாட்களில் பயன்படுத்த வேண்டியதில்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நடுவில் அம்மாவின் முழங்காலுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதால் அதுதான் எங்களுக்கு. இருவருக்கு 124. ஒவ்வொரு சீட்டிலும் 2 டாலர் அங்குள்ள காந்தா போபா குழந்தைகள் மருத்துவமனைகளுக்குப் போகிறது. அவசரத்துக்கு 300. கூட்டினால் 2,399.

அந்த 300ஐத் தொடக் கூடாது என்று அம்மா ஒரு துணிப்பை தைத்துத் தனியாகப் போட்டு வைத்திருக்கிறாள். இடுப்பில் உள்பக்கம் கட்டிக்கொள்கிற மாதிரி.

நோட்டு விஷயத்தில் நான்கு நாட்டுக்கும் நான்கு குணம். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் பிடித்துக்கொள்கிறார்கள், அதனால் ஒரே முறை எடுத்துவிடுவது நல்லது. லாவோஸ் கிப்பை நாட்டுக்கு வெளியே யாரும் வாங்குவதில்லை, தீவிலேயே செலவழித்துவிட வேண்டும். கம்போடியாவில் டாலரும் ரியெலும் கலந்தே புழங்குகின்றன. ஒரு டாலருக்கு 4,000 ரியெல் சுமார் என்பதால் மனக்கணக்கு எளிது, ஆனால் ஓரம் கிழிந்த டாலரைக் கடையில் வாங்க மாட்டார்கள். வியட்நாமில் 20,000 டாங்கும் 5,00,000 டாங்கும் இரண்டுமே நீல நிறம். மாலை வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டால் 25 மடங்கு போய்விடும். பெரிய நோட்டைப் பையின் வேறு அறையில் வைப்பதுதான் வழி. ஏடிஎம் திரையில் "உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால் எங்கும் வேண்டாம் என்றே அழுத்த வேண்டும்.

அம்மா சைவம். மீன் சாறு இல்லாத சமையல் அந்தப் பக்கம் அரிது, கண்ணுக்குத் தெரியாமல் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். தாய்லாந்தில் "ஜே", வியட்நாமில் "சாய்" என்று எழுதியிருக்கும் கடைகள் பௌத்த விரத உணவுக்கானவை. லாவோசிலும் கம்போடியாவிலும் சோறு, முட்டை இல்லாத காய் வதக்கல், பழம். அங்கங்கே காய்ச்சிக்கொள்ள ஒரு சின்ன மின்கெட்டில் எடுத்துப் போகிறோம்.

ஜனவரி 4 கிளம்பி பிப்ரவரி 2 திரும்புகிறோம். தேதியைத் தீர்மானித்தது மூன்று விஷயம். மழை முடிந்து ஆற்றில் தண்ணீர் இன்னும் இருக்க வேண்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து வடக்குத் தாய்லாந்திலும் லாவோசிலும் வயல்களையும் காடுகளையும் எரிக்கும் புகை மலைகளை மறைத்துவிடும், அதற்குள் தாண்டியிருக்க வேண்டும். வியட்நாமின் தேத் புத்தாண்டு 2027இல் பிப்ரவரி 6. அந்த வாரத்தில் வண்டிகள் நிரம்பி வழியும், கடைகள் மூடிவிடும், அதற்கு முன் கிளம்பிவிட வேண்டும்.

அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் நான்கு இரவு, நோம் பென்னில் மூன்று. ஆற்றை விட்டு விலகி சியெம் ரீப் போகிறோமே என்று எனக்குச் சின்ன உறுத்தல் இருந்தது. அந்த ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டோன்லே சாப் ஏரியைப் பற்றிப் படித்தபோது அதுவும் போய்விட்டது. மழைக்காலத்தில் மீகாங் பெருகும்போது அதன் தண்ணீர் நோம் பென்னிலிருந்து பின்னோக்கி ஓடி அந்த ஏரியை நிரப்புகிறது. மழை ஓய்ந்ததும் ஏரி திரும்பி ஆற்றுக்குள் வடிகிறது. நாங்கள் போகும் ஜனவரியில் வடிந்துகொண்டிருக்கும். அப்படியென்றால் அங்கோரிலிருந்து நோம் பென் வருவதும் ஆறு போகிற திசைதான்.

பிறகு நோம் பென்னிலிருந்து படகில் சாவ் டோக், அங்கிருந்து கான் தோ. ஆறு ஒன்பது கிளையாகப் பிரிந்து கடலில் சேருவதாக வியட்நாமியர்கள் சொல்வார்கள். ஒன்பது டிராகன்களின் ஆறு என்று அங்கே அதற்குப் பெயர்.

அட்டவணையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பயண நிறத்தை மறுபடி எண்ணினாள். 30 நாளில் எட்டு. "படகு ரெண்டு நாளை அதுல சேக்காத, அது உக்காந்து பாக்குறதுக்குத்தான்" என்றாள். ஆறு என்று திருத்தினேன். இன்று காலை எழுந்தபோது மெஷின் சத்தம் கேட்டது. படகு இருக்கைக்குச் சுருட்டி எடுத்துப் போகிற மாதிரி இரண்டு மெத்தைத் துண்டு தைத்துக்கொண்டிருந்தாள். என்னுடையதற்கு எந்த நிறத்தில் நாடா வேண்டும் என்று கேட்டாள். நீலம் என்றேன்.